உமியும் ஈர விறகும் எரியும் உலை

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகருக்குச் சென்று வந்த தோட்டப்புற அன்பர்கள் லிட்டில் இந்தியாவை அறியாதிருக்க மாட்டார்கள். லெபோ பாசார், லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங்கு ஆகிய தெருக்களை உள்ளடக்கிய அப்பகுதியில் கடைத்தெரு என்றும், கிட்டங்கித் தெரு என்றும் நம் முன்னோர் தமிழிலேயே தெருக்களுக்குப் பெயர் வழங்கினர். 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அங்கேதான் உள்ளது. அப்பகுதியையும் உள்ளடக்கிய பழைய ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது.

தீபாவளிக்குத் துணிமணி வாங்கச் செல்வோர் அங்கே இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று, மளிகைக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் புழுங்கல் அரிசி மூட்டை. மற்றொன்று, நகைக் கடைகளில் மின்னும் தங்கம். நெல்லைப் புழுக்குவதற்கு நீராவி வேண்டும். தங்கத்தைப் பதமாகக் காய்ச்சுவதற்குத் தணல் வேண்டும். இவ்விரண்டு தொழில்களிலும் நம்மவர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்த எரிபொருள் ஒன்றே. அதுவே உமி.

உமியை நாம் பெரிதாக மதிப்பதில்லை. வீண் உழைப்பைச் சொல்லும்போது 'உமி குத்திக் கை சலித்தாற்போல' என்கிறோம். அடுப்பில் அள்ளிப் போட்டால் உமி எரியாது; புகையும். ஈர விறகும் அவ்வாறே. செம்பனை ஆலையில் பழம் நீக்கிய வெறுங்குலையும் அவ்வாறே. ஆயினும் இவை யாவும் நன்கு எரியத்தக்கவை. எரிய மறுப்பது எரிபொருளின் குற்றம் அன்று. அதற்கு உரிய உலை அமையாததே குறை. இவ்வுண்மையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இங்கு உலை என்பது சோற்று உலையைக் குறிப்பதன்று. எரிபொருளை இட்டு எரிக்கும் தீயறையைக் குறிப்பதாகும்.

விறகு எவ்வாறு எரிகிறது?

ஒரு விறகுத் துண்டை நெருப்பில் இட்டால் அது உடனே எரிந்துவிடுவதில்லை. மூன்று படிகளைக் கடந்தே அது சாம்பலாகிறது.

முதற்படியில் விறகிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது தீரும் வரையில் விறகின் வெப்பநிலை பெரிதும் உயர்வதில்லை. இரண்டாம் படியில் விறகு சூடேறி, அதன் உட்பொருள் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களாக மாறுகிறது. நாம் காணும் சுடர் இந்த வாயுக்கள் எரிவதனால் தோன்றுவதே. மூன்றாம் படியில் எஞ்சி நிற்கும் கரி, சுடரின்றித் தணலாகக் கனன்று எரிகிறது. கரியும் தீர்ந்தபின் எஞ்சுவது சாம்பல்.

உலர்ந்த விறகின் எடையில் பெரும்பகுதி இரண்டாம் படியில் வாயுவாகவே வெளியேறி எரிகிறது. ஆகவே விறகை எரிப்பதென்பது பெரும்பாலும் வாயுவை எரிப்பதேயாகும். அவ்வாயு முற்றாக எரிவதற்கு மூன்று தேவைகள் உண்டு. போதிய வெப்பம் வேண்டும். காற்றிலுள்ள பிராணவாயுவோடு அது நன்கு கலக்க வேண்டும். கலந்த பின்னர் எரிந்து முடிவதற்குப் போதிய நேரம் உலைக்குள்ளேயே தங்க வேண்டும். வெப்பம், கலப்பு, நேரம் ஆகிய இம்மூன்றையும் மனத்தில் இருத்திக் கொண்டால், உலகிலுள்ள எந்த உலையின் அமைப்பையும் நாம் விளங்கிக் கொள்ளலாம்.

இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமலே வெளியேறும். அதுவே புகை. நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. அதனோடு மற்றோர் உண்மையையும் சேர்த்துக் கொள்ளலாம்: புகை மிகுந்த இடத்தில் நெருப்பு முழுமையாக இல்லை. புகைபோக்கியின் வழியே கரும்புகையாகச் செல்வது நாம் சுமந்து வந்த விறகேயாகும்.

உமியின் முரட்டுக் குணங்கள்

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கும். ஒரு கிலோ உமி முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 3,200 கிலோ கலோரி வெப்பம் தரும். நல்ல நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழப் பாதியளவாகும். அரவை ஆலையில் இலவசமாகக் குவியும் ஒரு பொருளுக்கு இது சிறந்த மதிப்பே. எனினும் உமிக்கு மூன்று முரட்டுக் குணங்கள் உண்டு.

முதலாவது, அதன் பருமன். ஒரு கன மீட்டர் உமியின் எடை ஏறத்தாழ 100 கிலோ மட்டுமே. அதே அளவு நிலக்கரி 800 கிலோ இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கன மீட்டர் நிலக்கரி தரும் வெப்பத்தைப் பெறுவதற்கு ஏறத்தாழ பதினைந்து கன மீட்டர் உமி வேண்டும். ஆகவே நிலக்கரிக்கென அமைந்த சிறிய உலையில் உமியை இட்டால், அடிக்கடி அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் தீ மூடப்பட்டுப் புகை கிளம்பும்.

இரண்டாவது, காற்றுக்கு அது தரும் தொல்லை. குவிந்து கிடக்கும் உமியின் உட்புறத்துக்குக் காற்று எளிதில் புகாது. பலமாக ஊதினாலோ, இலேசான உமி எரியாமலே பறந்து புகைபோக்கியை அடைந்துவிடும். மெல்ல ஊதினால் புகையும், வல்லென ஊதினால் பறக்கும் என்னும் இக்கட்டு நிலை உமிக்கே உரியது.

மூன்றாவது, அதன் சாம்பல். உலர்ந்த விறகை எரித்தால் நூறு பங்கில் ஓரிரு பங்கே சாம்பலாக எஞ்சும். உமியிலோ ஏறத்தாழ இருபது பங்கு எஞ்சும். அந்தச் சாம்பலில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேலானது சிலிக்கா, அதாவது மணலுக்கும் கண்ணாடிக்கும் அடிப்படையான பொருள். உமி எரிந்த பின்னரும் இந்தச் சிலிக்கா, உமியின் உருவத்திலேயே ஒரு கூடு போல நிற்கும். அக்கூட்டின் உள்ளே கரி சிக்கிக் கொள்ளும். காற்று அதனை எளிதில் அடைய இயலாது. எரித்த உமி கறுப்பாகவே எஞ்சுவதன் காரணம் இதுதான். சாம்பல் கறுத்திருந்தால் அதில் எரியாத கரி உண்டு என்று பொருள். வெளுத்திருந்தால் எரிபொருள் முழுமையாகப் பயன்பட்டது என்று பொருள்.

குறையையே குணமாக்கிய பொற்கொல்லர்

உமியின் இந்தக் குணங்களை முதன்முதலில் நன்கு அறிந்து பயன்படுத்தியவர்களுள் நம் பொற்கொல்லரும் அடங்குவர். அவர்களது பட்டறையில் உமியோடு என்னும் மண்சட்டி ஒன்று இருக்கும். அதில் உமியை நிரப்பி, நடுவே கரி நெருப்பை வைப்பார்கள். உமி சுற்றிலும் மெல்லக் கனன்று, தணலைப் பல மணி நேரம் அணையாது காக்கும். சாம்பலின் சிலிக்காக் கூடு வெப்பத்தை வெளியே விடாமல் போர்வை போல் தடுக்கும். வேலை வந்தபோது ஊதுகுழலால் ஊதினால், ஊதிய இடத்தில் மட்டும் சூடு ஏறும்.

விரைவாக எரியாமை என்பது ஆலைக்காரருக்குக் குறை. பொற்கொல்லருக்கோ அதுவே குணம். எரிபொருளின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப வேலையையும் கலத்தையும் அமைத்துக் கொள்ளும் அறிவை இங்கே காண்கிறோம். இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கனலும் உமியும் கரியும் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவை வெளியிடும். ஆகையால் மூடிய அறையில் இத்தகைய தணலை வைத்துக் கொண்டு உறங்குதல் ஒருபோதும் கூடாது.

படிக்கட்டு உலை

தமிழ்நாட்டில், குறிப்பாகத் தஞ்சை வட்டாரத்தில், நெல்லைப் புழுக்கி அரைக்கும் ஆலைகள் மிகுதி. புழுங்கல் அரிசி நம் மக்களுக்கு வெறும் பழக்கம் மட்டுமன்று. மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பவர், பச்சரிசித் தீட்டல் உண்போரைத் தாக்கிய பெரிபெரி நோய் புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடையே அரிதாக இருந்ததைக் கவனித்து, 1907ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குவதே அதற்குக் காரணமாகும்.

புழுக்குவதற்கு வேண்டிய நீராவியை நெல்லின் உமியைக் கொண்டே பெறுவது ஆலைகளின் வழக்கம். இதற்கு அமைந்ததே படிக்கட்டு உலை. நெல் பதப்படுத்தும் முறைகளை ஆராய்வதற்கென 1967ஆம் ஆண்டில் திருவாரூரில் தொடங்கப்பட்டு, பின்னர் தஞ்சாவூருக்கு மாறிய ஆய்வு நிலையம், உமியைப் பயன்படுத்தும் வழிகளையும் தன் ஆய்வுகளுள் சேர்த்துக் கொண்டது.

படிக்கட்டு உலையின் அமைப்பைக் காண்போம். வார்ப்பிரும்புப் பட்டைகள் மாடிப்படிகளைப் போலச் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு பெரிய தொட்டியிலிருந்து உமி தானாகவே சிறுகச் சிறுக இறங்கும். படிகளுக்கு இடையேயுள்ள சந்துகளின் வழியே காற்று நுழையும். மேற்படிகளில் உமி உலர்கிறது. நடுப்படிகளில் வாயுவாகிச் சுடர் விடுகிறது. கீழ்ப்படிகளில் கரி கனன்று தீர்கிறது. அடியில் சாம்பல் விழுகிறது. விறகு எரிவதன் மூன்று படிகளை முன்னர்க் கூறினோம். அவை மூன்றும் இங்கே ஒரே நேரத்தில், தத்தமக்குரிய இடத்தில், ஒன்றையொன்று கெடுக்காமல் நிகழ்கின்றன. புதிய உமி பழைய தீயின்மேல் விழுந்து அதனை மூடுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

படிகளுக்கு மேலே செங்கல் வளைவு ஒன்று கட்டப்பட்டிருக்கும். அது பழுக்கக் காய்ந்து, புதிதாக இறங்கும் உமியின்மேல் தன் வெப்பத்தைத் திருப்பி வீசும். ஊதாமலே உமி சூடேறுவதற்கு இது உதவுகிறது. வளைவைக் கடந்த வாயுக்கள் உயரமான ஓர் அறைக்குள் சென்று, அங்கு மேற்காற்றோடு கலந்து எரிந்து முடிகின்றன. வெப்பம் வளைவிலிருந்தும், கலப்பு மேற்காற்றிலிருந்தும், நேரம் அறையின் உயரத்திலிருந்தும் கிடைப்பதைக் கவனிக்க வேண்டும். பறந்து வரும் சாம்பல் கொதிகலனுக்குள் செல்லாதவாறு, வழியில் அறையை அகலமாக்கிக் காற்றின் வேகத்தைக் குறைத்து, சாம்பலைப் படியச் செய்வார்கள்.

ஈரம் என்னும் எதிரி

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். மறுநடவுக்காகப் பால் மரங்களை வெட்டும்போது கிடைக்கும் விறகு, புகைக்கூடத்துக்கும் அடுப்புக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. புதிதாக வெட்டிய ரப்பர் மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது நீரே.

ஈர விறகினால் விளையும் நட்டம் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோ ஈர விறகில் நான்கு கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். மீதி ஆறு கிலோ உலர்ந்த கட்டை, கிலோவுக்கு 4,500 வீதம் 27,000 கிலோ கலோரி தரவல்லது. நான்கு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கு, கிலோவுக்கு ஏறத்தாழ 610 வீதம் 2,440 கிலோ கலோரி செலவாகும். இது நூற்றுக்கு ஒன்பது பங்கே. அப்படியாயின் ஈர விறகு ஏன் அவ்வளவு மோசமாக எரிகிறது?

விடை இதுதான்: நீர் எடுத்துக் கொள்ளும் வெப்பத்தின் அளவைவிட, எடுத்துக் கொள்ளும் இடமே கேடு விளைவிக்கிறது. தீயின் நடுவே நீராவி கிளம்புவதனால் உலை குளிர்ந்து போகிறது. குளிர்ந்த உலையில் வாயுக்கள் எரிவதில்லை, புகையாக ஓடிவிடுகின்றன. ஒன்பது பங்கு நட்டத்தோடு நிற்க வேண்டியது, அதனினும் பன்மடங்கு நட்டமாகப் பெருகுகிறது. ஆகவே ஈரப் பொருளை எரிக்கும் உலைக்குரிய முதல் விதி, ஈரத்தைத் தீயின் நடுவே அன்றி, தீக்கு முன்னரே போக்க வேண்டும் என்பதாகும்.

இந்த விதியைப் பேரளவில் கையாண்ட இடம் நெய்வேலி. நம்மில் பலருடைய பாட்டனார் புறப்பட்டு வந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கி, 600 மெகாவாட் திறனுடையதாக வளர்ந்து, 2020ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. நீர் சொட்டும் நிலக்கரியை எரிப்பதற்கு நெய்வேலியில் கையாண்ட வழி வியக்கத்தக்கது. உலையின் மேற்பகுதியிலிருந்து கொதிக்கும் வாயுவில் ஒரு பங்கை இழுத்து வந்து, நிலக்கரியைப் பொடி செய்யும் இயந்திரத்துக்குள் செலுத்தினர். நிலக்கரி அங்கே உடைபடும்போதே உலர்ந்து, உலர்ந்த பொடியாகத் தீக்குள் சென்றது. தீயின் சூட்டைக் கொண்டே அடுத்த எரிபொருளை உலர்த்தும் முறை இது. அடுப்பின் பக்கத்தில் அடுத்த வேளை விறகைச் சார்த்தி வைக்கும் நம் வீட்டுப் பெண்டிரின் வழக்கமும் இதே தத்துவம்தான்.

சாம்பல் உருகும் தொல்லை

பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதை நாம் அறிவோம். செம்பனை ஆலையின் கொதிகலன் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்தே நீராவி தருகிறது. நூறு டன் குலையிலிருந்து ஏறத்தாழ 13 டன் நாரும், ஆறேழு டன் ஓடும், இருபதுக்கும் மேற்பட்ட டன் வெறுங்குலையும் கிடைக்கும். நாரும் ஓடும் ஆலையின் தேவைக்குப் போதுமாக இருக்க, வெறுங்குலை மட்டும் உலைக்கு வர மறுக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் அதன் சாம்பல்.

முன்னாளில் வெறுங்குலையைத் தனிச் சூளைகளில் எரித்து, அந்தச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாக இட்டனர். பொட்டாஷ் சத்து அதில் மிகுதி. ஆனால் மண்ணுக்கு உரமாகும் அதே பொட்டாஷ், உலைக்குப் பகையாகிறது. சிலிக்கா தனித்து நின்றால் ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வரை உருகாது. பொட்டாஷ் அதனோடு சேர்ந்தால் மிகக் குறைந்த வெப்பத்திலேயே இரண்டும் கூடி உருகிப் பாகாகும். அப்பாகு உலைச் சட்டங்களில் ஒட்டிக் கல்லாக இறுகிக் காற்று வரும் வழிகளை அடைக்கும். கொதிகலன் குழாய்களிலும் படிந்து வெப்பம் செல்வதைத் தடுக்கும். அவ்விறுகிய கட்டியைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளும் பணி எத்துணைக் கடினமானது என்பதை ஆலையில் வேலை செய்வோர் அறிவர்.

இதிலிருந்து மற்றொரு விதி கிடைக்கிறது. ஈரப் பொருளுக்கு உலை சூடாக இருக்க வேண்டும். பொட்டாஷ் மிகுந்த பொருளுக்கு உலை அளவுக்கு மிஞ்சிச் சூடாகக் கூடாது. இரண்டையும் ஒருசேரக் காப்பது எங்ஙனம்?

மணல் கொதிக்கும் உலை

இவ்வினாவுக்கு விடையாக வந்ததே பாய்மப் படுகை உலை. ஒரு பெட்டியின் அடியில் பல நுண்துளைகள் இட்டு, அதன்மேல் மணலைப் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்துவதாகக் கொள்வோம். காற்று மெல்ல வந்தால் மணல் அசையாது. வேகம் ஓர் அளவை எட்டியதும் மணல் துகள்கள் காற்றில் மிதந்து, கொதிக்கும் நீரைப் போலக் குமிழியிட்டுப் புரளத் தொடங்கும். அந்நிலையில் மணல் ஒரு நீர்மத்தைப் போலவே நடந்து கொள்ளும்.

அம்மணலை 800 முதல் 900 பாகை வரை சூடாக்கி, அதனுள் உமியையோ மரத்தூளையோ தாழ்ந்த ரக நிலக்கரியையோ இடுவார்கள். படுகையின் எடையில் எரிபொருள் நூற்றுக்குச் சில பங்கே இருக்கும். மற்றதெல்லாம் பழுத்த மணல். ஈரமான துண்டு விழுந்தாலும் நாற்புறமும் சூடான மணல் அதனைச் சூழ்ந்து நொடியில் உலர்த்திவிடும். அவ்வளவு மணலுக்கிடையே சிறிது ஈரம் உலையைக் குளிர்விக்க இயலாது. மணல் உரசுவதனால் உமியின் சாம்பல் கூடு உடைந்து உள்ளிருக்கும் கரியும் எரியும். வெப்பம் 900 பாகைக்கு மேல் போகாதவாறு காப்பதனால் பெரும்பாலான சாம்பல் உருகுவதில்லை. நிலக்கரியில் கந்தகம் இருந்தால் படுகையில் சுண்ணாம்புக் கல்லைச் சேர்த்து, அதனை உலைக்குள்ளேயே பிடித்துக் கொள்ளலாம்.

இம்முறை 1920களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் என்பவரால், நிலக்கரித் துகளிலிருந்து எரிவாயு எடுப்பதற்கென முதலில் உருவாக்கப்பட்டது. பின்னர் எரிக்கும் உலையாகவும் வளர்ந்தது. திருச்சிக்கு அருகில் திருவெறும்பூரில் 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை, சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரிக்கும் விவசாயக் கழிவுகளுக்கும் ஏற்ற இத்தகைய உலைகளை உருவாக்குவதில் முன்னின்றது. நெய்வேலியிலும், மணலும் எரிபொருளும் உலைக்குள் சுற்றிச் சுற்றி வரும் வகையைச் சேர்ந்த 250 மெகாவாட் அலகுகள் இரண்டு 2015ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கின.

ஆயினும் இவ்வுலையும் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடவில்லை. பொட்டாஷ் மிகுந்த குலையை இட்டால் மணல் துகள்களே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, கொதிப்பு நின்று போகும். காற்றை ஊதுவதற்கு மின்சாரமும் வேண்டும். எரிபொருளின் குணத்தை அறியாமல் எந்த உலையும் வெற்றி பெறாது என்பதை இது மீண்டும் உணர்த்துகிறது.

புகையின் விலை

உலையைப் பற்றிய இவ்வறிவு பொறியாளருக்கு மட்டும் உரியதா? அன்று. புகையின் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் உலையின் அருகில் நிற்போரே. வீட்டில் விறகும் கரியும் போன்றவற்றை எரிப்பதனால் உண்டாகும் மாசுக்காற்று, 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஓராண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பலர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

இதனை முன்னரே உணர்ந்தவர் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக விளங்கிய டாக்டர் எஸ். பி. ராஜு. புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பு ஒன்றை அவர் வடிவமைத்து, அதனை ஏழை எளியோரும் தம் கையாலேயே கட்டிக் கொள்ளும் வகையில் விளக்கி எழுதிய நூல் 1953ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. மின் நிலையத்தின் உலைக்குக் காட்டும் அதே அக்கறையை ஓர் ஏழைத் தாயின் அடுப்புக்கும் காட்டலாம் என்பதை அவர் நிறுவினார்.

இன்று நம் தோட்ட வீடுகளில் சமையல் எரிவாயு வந்துவிட்டது. எனினும் கோயில் அன்னதானத்துக்கும், திருமண விருந்துக்கும், பொங்கலுக்கும் விறகடுப்பை மூட்டுகிறோம். ஆகவே பின்வரும் முறைகளைக் கைக்கொள்வது நலம்.

ஒன்று: விறகைப் பிளந்து, தரையில் படாமல் கட்டைகளின்மேல் அடுக்கி, மழை படாத கூரையின் கீழ் சில மாதங்கள் உலர விட வேண்டும். பிளக்காத உருளைக் கட்டை எளிதில் உலராது.

இரண்டு: விறகை நேரே தரையில் எரிக்காமல், கம்பித் தட்டின்மேல் வைத்து எரிக்க வேண்டும். அடியிலிருந்து காற்று வரும்போது கரியும் எரிந்து தீரும்.

மூன்று: ஒரே முறையில் மிகுதியாகத் திணிக்காமல், சிறிது சிறிதாக இட வேண்டும். சுடருக்கு மேலே சிறிது இடம் இருத்தல் வேண்டும். பாத்திரத்தின் குளிர்ந்த அடிப்பாகம் சுடரைத் தொட்டு அணைத்தால் கரி படியும்.

நான்கு: புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை வேண்டியதே. எனினும் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 60 பாகைக்குள் இருத்தல் வேண்டும். மிகுந்தால் ஷீட்டில் கொப்புளம் எழும். தீப்பொறி பறந்தால் கூடமே எரியக்கூடும். உலை வாயைக் கவனிப்பாரின்றி விடலாகாது.

ஐந்து: ஆலை உலையில் எரிபொருளை மிகுதியாகக் கொட்டித் தீ மூடிக் கொண்டால், உள்ளே எரியாத வாயு திரண்டு நிற்கும். அவ்வேளையில் கதவைத் திடீரெனத் திறந்தால் காற்று புகுந்து, தீ வெடித்து வெளியே பாயும். நேர் எதிரே நின்று கதவைத் திறத்தல் கூடாது.

ஆறு: உமிச் சாம்பலை உலர்ந்த நிலையில் அள்ளுதல் கூடாது. மிகுந்த வெப்பத்தில் எரிந்த சாம்பலிலுள்ள சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நன்கு ஆறிய பின்னர் நீர் தெளித்து, முகமூடி அணிந்து அள்ள வேண்டும்.

கொதிகலன் பணி அறிவும் விழிப்பும் வேண்டும் பணி. நெய்வேலியின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நேர்ந்த கொதிகலன் விபத்தில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். நம் நாட்டில் கொதிகலன்களை இயக்குவோர் உரிய தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் கூறுவது இத்தகைய ஆபத்துகளைத் தவிர்ப்பதற்கே. அது வேலைக்கு ஒரு கதவாகவும் அமைகிறது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தோட்டத்தில் இருக்கும் நம் இளைஞர்கள் இத்துறையில் பயிற்சி பெறுவது பற்றி எண்ணிப் பார்ப்பார்களாக.

தொகுப்புரை

உமி, ஈர விறகு, பழுப்பு நிலக்கரி, வெறுங்குலை ஆகிய நான்கினையும் கண்டோம். ஒன்று பறக்கிறது; ஒன்று நனைந்திருக்கிறது; ஒன்று பாதி நீராகவே இருக்கிறது; ஒன்று ஈரத்தோடு பாகாகவும் உருகுகிறது. ஒவ்வொன்றின் குறையையும் அறிந்து, அதற்கேற்பத் தீயறையை அமைத்தவர்களே வெற்றி கண்டனர். எரியாதது என்று ஒதுக்கிய பொருள் அவர்களிடம் எரிந்தது, ஒதுக்கியவர்களிடம் புகைந்தது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. விறகு எரியும்போது நிகழும் மூன்று படிகள் யாவை? சுடர் எந்தப் படியில் தோன்றுகிறது?

2. ஈர விறகிலுள்ள நீரை ஆவியாக்கும் செலவு நூற்றுக்கு ஒன்பது பங்கே என்றாலும், நட்டம் அதனினும் மிகுவது ஏன்?

3. உமிச் சாம்பல் கறுப்பாக இருந்தால் அதிலிருந்து நீங்கள் அறிந்து கொள்வது என்ன?

4. மண்ணுக்கு நன்மை செய்யும் பொட்டாஷ், உலைக்குத் தீமை செய்வது எவ்வாறு?

5. உங்கள் தோட்டத்திலோ ஆலையிலோ உள்ள ஓர் உலையைப் பார்வையிட்டு, வெப்பம், கலப்பு, நேரம் ஆகிய மூன்றும் அதில் எங்கெங்கே கிடைக்கின்றன என்று எழுதிப் பாருங்கள்.